மலையேறும் மின் சைக்கிளும் முடங்கிய முதலும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மலைப்பாதைகளில் ஓட்டப்படும் உயர்தர மின் சைக்கிள்கள் சில 10,000 டொலருக்கும் மேல் விற்கப்படுகின்றன. ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு விலையா என்று கேட்கத் தோன்றும். காபன் பிரேம், முன்னும் பின்னும் சொக் அப்சோபர், மோட்டார், லித்தியம் பெட்டரி என அத்தனையும் விலையுயர்ந்தவை. ஆனால் வாடிக்கையாளர் பணம் கொடுப்பது வெறும் பாகங்களுக்கல்ல. மிதிக்கும்போது மோட்டார் கைகொடுப்பதால், ஐம்பது வயதைத் தாண்டியவரும் இளைஞருடன் சேர்ந்து ஏற்றத்தில் ஏறலாம். அந்த மகிழ்ச்சிக்குத்தான் இந்த விலை.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கத்தை. 2020 கொவிட் காலத்தில் சைக்கிளுக்குக் கேள்வி திடீரென அதிகரித்தது. கம்பனிகளும் கடைக்காரர்களும் அளவுக்கு மீறி ஓடர் கொடுத்தனர். சரக்கு வந்து சேர்ந்தபோது கேள்வி தணிந்துவிட்டது. 2023இல் பெரும் கழிவு கொடுத்து விற்க வேண்டியதாயிற்று. 2024இல் ட்ரோன் தயாரிக்கும் சீனாவின் டீ.ஜே.ஐ. கம்பனி வலுக்கூடிய மோட்டாருடன் இச்சந்தையில் இறங்கியது. பழைய மாதிரிகளின் மவுசு மேலும் குறைந்தது. மலைச் சைக்கிளுக்குப் பெயர்பெற்ற ஜேர்மனியின் வை.டி. கம்பனி 2025இல் வங்குரோத்து நடவடிக்கைக்குச் சென்றது.

பெட்டரியும் மோட்டாரும் உள்ள சரக்கு களஞ்சியத்தில் கிடக்கக் கிடக்க மதிப்பிழக்கும். கையடக்கத் தொலைபேசி விற்போருக்கு இது புதிதல்ல. ஓர் உருப்படியின் இலாபம் பெரிதென்று மயங்கிவிடக் கூடாது. எத்தனை நாளில் முதல் திரும்பும் என்று கணக்குப் பார்த்த பின்பே ஓடர் கொடுக்க வேண்டும்.