முற்றுப்பெறாத ஒரு வாதம்

உருது பேசுவோர் ஆங்கிலம் கற்கையில் செயல் நிறைவை, அதாவது ஒரு செயல் தன் இயல்பான எல்லையைத் தொட்டதா என்பதை, தவறாகக் கணிப்பதற்கு அவர்கள் தாய்மொழியில் அக்கருத்தே தளர்ந்திருப்பதுதான் காரணம் என்னும் வாதம், உருது இலக்கணத்தில் பாதியை மட்டும் படித்தவர்களின் வாதமாகும். ‘உஸ் நே சேப் காயா’ (அவர் ஆப்பிள் தின்றார்) என்றபின் ‘ஆனால் முழுவதும் இல்லை’ என்று தொடர உருது இடந்தருவது உண்மையே. ஆயினும் ‘கா லியா’ என ‘லேனா’ துணைவினையாகச் சேர்ந்ததும் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. ‘தின்றுவிட்டார்’ என்பதை அறிந்த தமிழர்க்கு இது புதிதன்று.

ஆங்கிலமோ இவ்வேலையைப் பெரிதும் செயப்படுபொருளிடம் ஒப்படைக்கிறது: ‘எய்ட் தி ஆப்பிள்’ என்றால் கனி தீர்ந்தது, ‘எய்ட் ஆப்பிள்ஸ்’ என்றால் செயலுக்கு எல்லையே குறிக்கப்படவில்லை. ‘தி’ என்னும் சுட்டிடைச்சொல்லுக்கு நிகர் உருதுவில் இல்லாததால், கற்பவர் நிறைவின் அடையாளத்தை வினையிலேயே தேடுகிறார். அது குறைபாடன்று, பழகிய இலக்கணத்தின் ஒழுங்கு. மெய்யியலாளர் ஸீனோ வெண்ட்லர் 1957இல் ஆங்கில வினைகளைக் கொண்டு, செயல் காலத்தில் அமையும் விதத்தால் வகுத்த நால்வகைப் பாகுபாட்டை அப்படியே உருதுவின்மேல் அளவுகோலாக வைப்பவர்களுக்குத்தான் அது குறைபாடாகத் தெரிகிறது. ஆகவே இறந்தகாலப் பயிற்சியைக் கூட்டுவது கற்பவரின் தவறான கணிப்புக்கு மருந்தாகாது. கற்பிக்க வேண்டியது செயப்படுபொருளையும் அதன் முன் நிற்கும் ‘தி’யையும்தான்.