டைட்டிலில் ஒரு பெயர்!

டிப்ளமோ படிக்கும்போது ஐந்து பேர் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ எடுத்தோம். மொபைல்தான் கேமரா. ஸ்லோமோஷனுக்காகப் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட, தோழி வாயசைத்தாள். விநாடிக்கு 60 ஃபிரேமில் எடுத்ததை 30-ல் ஓட்டினால் நடை மிதக்கும். உதடு பாட்டோடு பொருந்தும்!

‘ஹிட்டான சினிமா பாட்டுக்கு எடுத்திருக்கலாமே?’ என்றார்கள். எடுக்கலாம்தான். ஆனால், யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ அதைக் கண்டுபிடித்தால், விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோவே முடக்கப்படலாம்.

எங்கள் பாட்டை எழுதிப் பாடியவள் அந்தத் தோழிதான். ‘பாட்டு சோறு போடுமா?’ என்று கேட்டவர் அவள் அம்மா. டைட்டிலில் மகள் பெயர் வந்ததும், வீடியோவை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டார்.

இரவல் பாட்டில் அந்தப் பெயர் வந்திருக்காது. மொபைலைத் தூக்கும்முன் சொந்தமாக ஒரு பாட்டு எழுதுங்கள், ஃப்ரெண்ட்ஸ்!