உட்கார வைத்தவர்கள் நாம்தான்

“நீங்க உட்காருங்கப்பா, நான் பார்த்துக்கறேன்.”

வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லாத நாள் நமக்கு உண்டா? மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்க அம்மா படியேறினால் தடுக்கிறோம். அப்பா பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினால், “இந்த வெயில்ல எதுக்கு?” என்கிறோம். பாசம்தான், மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொன்னால் அதில் பாதி நம்முடைய அவசரம். அவர் நடந்துபோய்க் கீரை வாங்கி, வழியில் இரண்டு பேரிடம் ஊர்க்கதை பேசித் திரும்ப ஒரு மணி நேரமாகும். போனில் தட்டினால் கால் மணியில் வாசலுக்கே வந்துவிடுகிறது. அவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைய உடற்பயிற்சி என்பது நமக்கு உறைக்கவே இல்லை.

பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்தோம். தண்ணீர், காப்பி, மாத்திரை எல்லாம் இருந்த இடத்துக்கே போயின. “பெத்தவங்களை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடறதில்லை” என்று அக்கம்பக்கத்தில் நம்மைப் புகழ்ந்தார்கள். நமக்கும் அது பிடித்திருந்தது.

கால் தசைக்கு இந்தப் புகழெல்லாம் தெரியாது. 2007-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு வெளியானது. சராசரியாக 67 வயதுள்ள, நோய்நொடி இல்லாத சிலரைப் 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே இந்தக் கதி. நாமோ காய்ச்சலில் விழுந்தவரை, அது விட்டபிறகும் “நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று நாள்கணக்கில் படுக்க வைத்தோம். எழுந்து நடக்கும்போது தள்ளாடினால், காய்ச்சல் வாட்டிவிட்டது என்று காய்ச்சலின் மேல் பழியைப் போட்டோம்.

அவர்கள் முதல்முறை விழுவது பெரும்பாலும் நமக்குத் தெரிவதே இல்லை. பாத்ரூமில் சறுக்கி, கைக்கு அகப்பட்ட வாளியைப் பிடித்து எப்படியோ எழுந்து வந்துவிடுவார்கள். முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துக் கேட்டால், “கதவுல இடிச்சிக்கிட்டேன்” என்பார்கள். ஏன் மறைக்கிறார்கள்? சொன்னால் நாம் என்ன செய்வோம் என்று அவர்களுக்குத் தெரியும். “உங்களை யாரு தனியா போகச் சொன்னது?” என்று அதட்டுவோம். மறுநாளிலிருந்து இன்னும் கொஞ்சம் முடக்குவோம். விழுந்த பயத்தில் அவர்களும் நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். நடை குறையக் குறையக் கால் தளர்கிறது, தளர்ந்த கால் மறுபடி தள்ளிவிடுகிறது. இதை மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பயத்தை வளர்த்ததில் நம் அதட்டலுக்கும் பங்கு உண்டு. கடைசியில் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது, “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாங்க” என்று புலம்புகிறோம். நேற்று நாம் கேட்டதெல்லாம் “மாத்திரை போட்டாச்சா?” என்ற ஒன்றைத்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், கீழே விழுவதால் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள். 60 வயதைக் கடந்தவர்களே அதில் அதிகம். “வயசானா விழத்தானே செய்வாங்க” என்று இதையும் இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டோம்.

வீட்டையும் நாம்தான் கட்டினோம். முகம் தெரியும்படி பளபளக்கும் டைல்ஸைத் தேர்ந்தெடுத்தபோது, ஈரக்காலோடு அதன்மேல் யார் நடக்கப்போகிறார்கள் என்று யோசிக்கவில்லை. திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தோம். முட்டிவலிக்காக வெஸ்டர்ன் டாய்லெட் போட்டோம், நல்ல காரியம். பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி பதிக்க மறந்தோம். சுவரின் அழகு கெடும் என்று வேண்டாமென்றவர்களும் நம்மில் உண்டு. நம் தூக்கம் கலையக் கூடாதென்று அவர்கள் ராத்திரியில் விளக்குப் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டே போகிறார்கள். அந்த வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. தேய்ந்த ஹவாய் செருப்பை மாற்றவில்லை, நழுவும் கால்மிதியை எடுக்கவில்லை. தூக்க மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எழுந்து நிற்கும்போது சிலருக்குத் தலைசுற்ற வைக்கும். நாலு டாக்டர்கள் எழுதிய சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒருவரிடம் காட்ட நமக்கு நேரம் வாய்க்கவில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு 1978-லேயே தொடங்கிவிட்டது. முதுமை மருத்துவம் என்றொரு துறை இருப்பதே நம்மில் பலருக்கு எலும்பு முறிந்த பிறகுதான் தெரியவருகிறது.

கொஞ்சம் விவரமானவர்கள் அப்பாவை வாக்கிங் அனுப்பினோம். ஷூ வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது. நடை நல்லதுதான், ஆனால் விழாமலிருக்க அது மட்டும் போதாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு, 2019-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. உடற்பயிற்சி செய்த முதியோர் கீழே விழுவது சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது. உறுதியான பலன் தெரிந்தது உடலின் சமநிலையைப் பழக்கும் பயிற்சிகளில்தான். வெறும் நடைக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இதற்கு ஜிம் எல்லாம் தேவையில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கலாம். ஒரு காலின் குதியை மறுகால் விரலோடு ஒட்டிவைத்து, சுவரோரமாக அடிமேல் அடிவைத்து நடக்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழலாம்.

அம்மாவுக்கு அந்த ஷூகூட வாங்கவில்லை. “அவங்களுக்கு வீட்டு வேலையே போதும்” என்று, அடுப்படியில் ஒரே இடத்தில் நிற்பதையும் உடற்பயிற்சியாகக் கணக்கு வைத்தோம். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாக மெலிவது அவர்களுக்குத்தான்.

இனிமேல் என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-இல் பாஸ்டனில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டிய சிலருக்கு மருத்துவர்கள் காலால் எடை தூக்கப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். நம் வீட்டில் 72 வயதுக்காரரை நாம் கிழவராக்கி உட்கார வைத்திருக்கிறோம்.

கையில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். 70 முதல் 74 வயதுவரை ஆண்களுக்கு 12-க்கும் பெண்களுக்கு 10-க்கும் கீழே போனால், டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ பேசியாக வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். அப்படி நிற்பவர், அவர்கள் முடித்தபின் தானும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். 60-களின் தொடக்கத்தில் இருக்கும் ஆணிடமே 14 கேட்கிறார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரர்கள் நம்மில் எத்தனை பேர் மூச்சு வாங்காமல் அதைத் தாண்டுவோமோ! அப்பா பக்கத்தில் நின்று எண்ணட்டும். இத்தனை நாள் அதட்டு வாங்கியவருக்கு ஒருமுறை அதட்டவும் வாய்ப்புக் கிடைக்க வேண்டாமா?