சைக்கிள் கொடுத்தீர்கள், பாதை எங்கே?

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் சைக்கிள் கொடுக்கிறது. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சைக்கிளை எங்கே ஓட்டுவது? நைட் ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளியும், தூக்குவாளியை மாட்டிக்கொண்டு நடவுக்குப் போகும் விவசாயத் தொழிலாளியும் கேட்பது இதையேதான்.

தார் ரோட்டின் ஓரத்தைப் பாருங்கள், தோழர்களே! பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். ரோடு உயருகிறது, பக்கத்து மண் உயருவதில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரன் ஒதுங்கித்தானே ஆக வேண்டும்? ஒதுங்கினால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சறுக்குகிறது. மறுபடி ஏறப் பார்த்தால் முன்சக்கரம் தார் விளிம்பில் உரசி, ஆளை வருகிற வண்டியின் முன்னாலேயே சாய்த்துவிடுகிறது. பிறகு "கவனக்குறைவு" என்று எழுதிக் கேஸை முடிப்பார்கள். யாருடைய கவனக்குறைவு?

நாற்கரச் சாலையில் இன்னொரு கொடுமை. எதிர்த்திசையில் வருகிறான் என்று சைக்கிள்காரனைத் திட்டுகிறார்கள். ஊருக்கு நேரே நடுச்சுவரை எழுப்பிவிட்டு, கடக்கும் வழியை ஒரு மைல் தள்ளி வைத்தால் அவன் வேறென்ன செய்வான்? (முன்பெல்லாம் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை கொடுத்தார்கள். விளக்கில்லாவிட்டால் அபராதம், டபுள்ஸ் போனால் அபராதம். வரி வாங்கிய கை பாதை போட நீளவில்லை.)

பணமில்லை என்பார்கள். போக்குவரத்துப் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014-ல் கொள்கை வகுத்ததே! பணமிருந்தது, மனம்?

சைக்கிள் நாடு என்று பேர் பெற்ற ஹாலந்தும் பிறக்கும்போதே அப்படி இருக்கவில்லை. 1971-ல் மட்டும் அங்கே சுமார் 3,300 பேர் ரோட்டில் மாண்டார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று தெருவை மறித்தார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் நகரங்களில் தனிப் பாதைகள் பெருகின.

தார் போட்டால் அதே வேலையில் ஓர மண்ணையும் சமமாக நிரவ வேண்டும். மில், பள்ளிக்கூடம் உள்ள ரோடுகளில், வெள்ளைக் கோடு போதாது, கல் வைத்துப் பிரித்த பாதை வேண்டும். மே 1-ந் தேதி கிராம சபை கூடும். எந்த ரோட்டில், எந்த வளைவில் பள்ளம் என்று குறித்துக்கொண்டு போய், நெடுஞ்சாலைத் துறைக்குத் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வாருங்கள்.