முதலாம் தரத்துப் பிள்ளையும் நமது சங்க விடயமே



பிள்ளைக்காம்பராவிலும் லயத்து வாசலிலும் வளர்ந்த பிள்ளை, ஐந்து வயது முடிந்ததும் முதலாம் தரத்துக்கு வருகிறது. அம்மா விடியவே பெரட்டுக்குப் போய்விடுகிறார். பாட்டியோ அக்காவோ வாசலில் விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். உள்ளே அந்தப் பிள்ளை முதலில் பார்ப்பது பிரம்பையா, சிரித்த முகத்தையா?

சம்பளம், வீடு, காணி என்று போராடும் நாம் இதையும் கேட்க வேண்டும். தோட்டப் பாடசாலைகள் நீண்ட காலம் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. கட்டடங்கள் மாறின. ஆனால் "அடிச்சாத்தான் படிப்பான்" என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொன்னது. துரையின் அதட்டலையும் கங்காணியின் அதட்டலையும் எதிர்த்து நின்ற மக்கள் நாம். அதே அதட்டலை நம் பிள்ளைகளுக்கு நாமே கேட்டு வாங்கிக் கொடுக்கலாமா?

அன்பான வகுப்பறைக்குப் பெரிய செலவு இல்லை. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். குளிர்ந்த சீமெந்துத் தரையில் பாய் விரிக்க வேண்டும். மழையில் நனைந்து வரும் தலையைத் துடைக்க ஒரு துவாய் இருக்க வேண்டும். பிள்ளை 'காம்பரா' என்று சொன்னால் சிரிக்காமல், அந்தச் சொல்லோடு 'அறை' என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கொழுந்துக் கூடையுடன் அம்மாவைப் பிள்ளை வரைந்தால், அந்தப் படம் வகுப்பறைச் சுவரில் இருக்க வேண்டும். அம்மாவின் வேலையை வாத்தியார் மதிக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியட்டும். இவை ஆசிரியர்களாகிய நமது கடமை.

மிச்சம் நம் எல்லோருடைய பொறுப்பு. முதல் கிழமையில் ஒரு நாளாவது தாயோ தகப்பனோ வகுப்பில் பிள்ளையோடு இருக்க வேண்டும். அதற்காக அவர்களுடைய அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது. தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். பாயையும் துவாயையும் பற்றிப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டும். கூட்டத்துக்குப் போகாமல் லயத்தில் இருந்து குறை சொன்னால் ஒன்றும் நடக்காது.

அடுத்த முறை பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது, "அடிச்சாவது படிப்பிங்க சேர்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நமக்கு அது போதும்.