மண்ணுக்குள் நடந்து வந்த கடல்

ஒரகடம் ஆலைகளுக்குச் சென்னைக்காரர்கள் குளித்து விட்ட தண்ணீர் போகிறது என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். 2019-ல் தொடங்கிய கோயம்பேடு நிலையம், கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிறது. திறன், நாளுக்கு 4.5 கோடி லிட்டர்.

முகம் சுளிப்பவர்கள் மீஞ்சூர் பக்கம் ஒரு நடை போய்வரலாம். அங்கே 1960-களின் கடைசியில் மணலி ஆலைகளுக்காக நல்ல தண்ணீரையே ஆழ்குழாய் போட்டு இறைத்தார்கள். வயல் மோட்டார்களும் சேர்ந்துகொண்டன. நிலத்தடி நன்னீரின் அழுத்தம்தான் கடலைத் தள்ளி நிறுத்துகிறது. அது குறையக் குறைய, உப்புநீர் மண்ணுக்குள்ளேயே நடந்து வந்தது. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர், 1987-ல் 9. உப்பேறிய கிணறு ஒரு மழைக்கு இனித்துவிடாது.

அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில், காட்டுப்பள்ளியில், 2010 முதல் காசைக் கொட்டிக் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள்.