கேட்டு வாங்கிய ஓட்டு

நம் நாட்டுப் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடவே இல்லை, சுதந்திரத்தோடு சேர்ந்து அது தானாக வந்தது என்று மேடைகளிலும் வகுப்பறைகளிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. 1917 மே 8 அன்று சென்னை அடையாறில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தின் முதல் சில ஆண்டுகளைப் பார்த்தாலே இந்தப் பேச்சு நிற்காது.

1950இல்தான் ஓட்டு கிடைத்தது என்பது முதல் வாதம். எல்லோருக்குமான வாக்குரிமை வந்தது அப்போதுதான். ஆனால் 1921லேயே சென்னைச் சட்டசபை, பெண் என்பதற்காக ஓட்டு மறுக்கும் தடையை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதைச் செய்த முதல் மாகாணம் சென்னைதான். ஆணுக்கு எந்தத் தகுதியோ அதுவே பெண்ணுக்கும் என்றானது. அப்போது பிரிட்டனில் 30 வயது நிரம்பாத பெண்ணுக்கு ஓட்டு கிடையாது. அங்கே சம உரிமை வந்தது 1928இல்.

வெள்ளையர் அரசு மனமுவந்து கொடுத்தது என்பது இரண்டாவது வாதம். நடந்தது நேர்மாறு. 1917 டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மான்டேகு சென்னை வந்திருந்தார். பெண்கல்வி பற்றிப் பேச, மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் நேரம் கேட்டபோது, அரசியல் கோரிக்கைகளை மட்டுமே கேட்போம் என்று பதில் வந்தது. சரி, ஓட்டையே கேட்போம் என்று முடிவாயிற்று. சரோஜினி நாயுடு தலைமையில் தூதுக்குழு போனது. அதன் பிறகும், யாருக்கு ஓட்டு என்பதை ஆராய்ந்த சவுத்பரோ குழு, பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. 1919இல் பம்பாயின் ஹெராபாய் டாடா மகள் மிதனுடன் லண்டன் சென்று வாதாடினார். அந்த ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், முடிவெடுக்கும் பொறுப்பை மாகாணச் சட்டசபைகளின் தலையில் கட்டியது. தடையை நீக்கியவை நம் சட்டசபைகளே.

இது அயல்நாட்டுப் பெண்களின் வேலை என்பது மூன்றாவது வாதம். அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோரின் பங்கை மறைக்க வேண்டியதில்லை. அயர்லாந்தில் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர் கசின்ஸ். ஆனால் அம்மு சுவாமிநாதன் போன்ற நம் பெண்களும் தொடக்கத்திலேயே சங்கத்தில் இருந்தார்கள். 1926இல் பெண்கள் வேட்பாளராகவும் வழி திறந்தவுடன் கமலாதேவி சட்டோபாத்யாய் சென்னைச் சட்டசபைக்குப் போட்டியிட்டு, சொற்ப வாக்குகளில் தோற்றார். சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதன் துணைத் தலைவரானார். 1927இல், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்.

வசதி படைத்தவர்கள் தங்களுக்காக மட்டும் கேட்டார்கள் என்பது கடைசி வாதம். இதில் பாதி உண்மை உண்டு. சொத்துத் தகுதியால் பெரும்பாலான பெண்கள் அன்று ஓட்டுப் போட முடியவில்லை. பெரும்பாலான ஆண்களும் அப்படியே. ஆனால் சங்கம் அதோடு நிற்கவில்லை. 1931இல் மற்ற அகில இந்தியப் பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து, வயதுவந்த அனைவருக்கும் ஓட்டு வேண்டும் என்று மனுக் கொடுத்தது. அதை ஏற்காத அரசு, 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் சொத்துள்ளவரின் மனைவி என்பதையும் ஒரு தகுதியாக வைத்தது.

உரிமை மேலிருந்து வந்தது என்று நம்புகிறவர்கள், அது பறிபோகும்போதும் மேலிருப்பவர் பார்த்துக்கொள்வார் என்றே காத்திருப்பார்கள். ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெண்களின் வாக்குரிமையைப் பாடமாக நடத்தும்போது 1950இலிருந்து தொடங்காதீர்கள், 1917 அடையாறிலிருந்து தொடங்குங்கள்.